மேல் வீட்டு பாத்ரூமா, குழாயா, மழைத் தண்ணியா? சீலிங் ஓதத்துக்கு எதிலிருந்து தொடங்கறது

கீழ்வீட்டு வாசி · 3 நவம்பர் 2024

சென்னை. மூணு மாடி அபார்ட்மென்ட்ல ரெண்டாவது மாடி, கட்டிடத்துக்கு 16 வயசு. பெட்ரூம் சீலிங்ல, பாத்ரூம் சுவரை ஒட்டி ரெண்டடிக்கு மூணடி பழுப்புக் கறை. நடுவுல பட்டி உப்பி உதிருது, ஓரத்துல வெள்ளையா உப்புப் பூத்திருக்கு. ஃபேன் மூடியிலிருந்தும் அப்பப்ப ஒரு சொட்டு விழுது.

பெயிண்டர் டேம்ப் ப்ரூஃப் ரெண்டு கோட் அடிச்சா நின்னுடும்னு சொல்றார். கொத்தனார் கீழே இருந்தே ஊசி போட்டு அடைக்கலாம்ங்கறார். மேல் வீட்ல கேட்டா எங்க டைல்ஸ் நல்லாத்தானே இருக்குன்னு சொல்றாங்க. முதல்ல எதைச் செய்யணும்?

சிவில்_தளம் · 3 நவம்பர் 2024

முதலில் அந்த ஃபேன், அந்த அறை லைட் சர்க்யூட்டின் எம்.சி.பி.யை (மெயின் போர்டில் உள்ள தானியங்கி சுவிட்சை) இறக்குங்கள். ஃபேன் மூடியில் தண்ணீர் வருகிறது என்றால் ஸ்லாபுக்குள் புதைந்த வயர் பைப்பில் தண்ணீர் ஓடுகிறது. மின்கசிவு வந்தால் மின்சாரத்தை நிறுத்தும் 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. இருந்தாலும் அதை நம்பி ஃபேன் போட வேண்டாம்.

ஃபேன் பாக்ஸில் சொட்டுவதால் அதற்கு நேர் மேலேதான் ஓட்டை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வயர் பைப் பத்தடி தள்ளி இருக்கும் ஈரத்தைக்கூட ஃபேன் பாக்ஸுக்குக் கொண்டுவந்து சேர்க்கும்.

சீலிங்கில் இப்போதைக்கு எதுவும் அடிக்க வேண்டாம். கீழே பெயிண்ட் அடித்து மூடினால் தண்ணீர் ஸ்லாபுக்குள்ளேயே தங்கும். கம்பி துரு பிடிப்பது கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும். பிறகு ஒரு நாள் காறை பெயர்ந்து விழும்போதுதான் தெரியவரும்.

எப்போது ஈரம் கூடுகிறது என்று கவனியுங்கள். ராத்திரி பகல் ஒரே மாதிரி இருந்தால் பிரஷர் லைன். அவர்கள் குளித்து முடித்த சில மணி நேரத்தில் கூடினால் கழிவு நீர் லைன் அல்லது தரை. மழைக்குப் பிறகு மட்டும் என்றால் வெளிச்சுவர், டக்ட் (குழாய்கள் இறங்கும் குறுகிய வெளி), சன்ஷேடு. கறையின் விளிம்பைப் பென்சிலால் வரைந்து பக்கத்திலேயே தேதி எழுதுங்கள். இரண்டு வாரத்தில் பாதி பதில் அதிலேயே கிடைக்கும்.

குழாய்_வேலை · 4 நவம்பர் 2024

டெஸ்ட் எல்லாத்தையும் ஒரே நாள்ல போட்டுக் குழப்பிக்காதீங்க. ஒண்ணு முடிஞ்சு ஒரு நாள் விட்டுத்தான் அடுத்தது.

1) பிரஷர் லைன். ஓவர்ஹெட் டேங்க்லேருந்து மேல் வீட்டுக்கு மட்டும் இறங்கற கேட் வால்வை ராத்திரி மூடி, காலையில சொட்டு குறையுதான்னு பார்க்கறது முதல்கட்டம். பழைய கேட் வால்வு முழுசா மூடாது. மூடின பிறகு அவங்க வீட்டுக் குழாயைத் திறந்து தண்ணி நிக்குதான்னு உறுதி பண்ணுங்க.

சரியான டெஸ்ட் கைப்பம்ப் வச்சுப் பண்றதுதான். கீசரைக் கழட்டி, ஹாட் லைனையும் கோல்ட் லைனையும் ஒரு ஹோஸ் போட்டு இணைச்சிடணும். ஷவர், டேப் பாயிண்ட் எல்லாம் அரை இன்ச் பிளக். ஆங்கிள் காக் (சுவர்ல இருக்கற சின்ன வால்வு) பாயிண்ட் ஒண்ணுல பம்ப் மாட்டி, உள்ளே இருக்கற காத்தை வெளியேத்திட்டு 5 கிலோ பிரஷர் (சதுர சென்டிமீட்டருக்கு) வரை ஏத்தி ஒரு மணி நேரம் விடுங்க. முள் அசையாம நின்னா அந்த லைனைச் சந்தேகப்பட வேண்டாம். இறங்குச்சுன்னா முதல்ல பிளக்குகளைப் பாருங்க, டெஃப்லான் டேப் சரியா சுத்தலைன்னாலும் முள் இறங்கும். மூணு மாடிக் கட்டிடத்துல டேங்க் தர்ற பிரஷர் ஒண்ணு, ஒண்ணரை கிலோதான் (பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு கிலோ கணக்கு). பழைய லைன்ல 10 கிலோ ஏத்தறவங்களை விடாதீங்க, நல்லா இருக்கற ஜாயிண்டும் போயிடும்.

2) கழிவு லைன். தரை நனையாம, ஒரு புனலும் ஹோஸும் வச்சு நானி ட்ராப்புக்குள்ளேயே (தரைத் தண்ணி வடியற ஜாலிக்கு அடியில இருக்கறது) நாலு பக்கெட் தண்ணி ஊத்தணும். அப்புறம் வாஷ்பேசின், அப்புறம் ஃப்ளஷ், தனித்தனியா. கழிப்பறைப் பீங்கானுக்கு அடியில வெள்ளை சிமென்ட் பூசி உட்கார வச்சிருந்தா அங்கே கண்ணு வைங்க. அந்த ஜாயிண்டுக்கு ரப்பர் கனெக்டர் போடணும். வெள்ளை சிமென்ட் ஒரு தடவை வெடிச்சா ஒவ்வொரு ஃப்ளஷ்லயும் ஒரு ஸ்பூன் தண்ணி வெளியே போகும்.

3) தரை. ட்ராப் வாயைத் துணியும் பாலிதீனும் வச்சு அடைச்சு, ஒரு இன்ச் தண்ணி கட்டி 24 மணி நேரம். வாசப்படி அந்த உயரத்துக்கு மேல இருக்கணும், இல்லேன்னா பெட்ரூமுக்குள்ள வந்துடும். மட்டத்துக்கு டேப் ஒட்டி குறிச்சுக்கோங்க. சொட்டு நீலம் கலந்தா கீழே நீலமா வரும், சண்டையே இல்லாம முடிஞ்சிடும்.

4) கடைசியா சுவர். ட்ராப்பைத் திறந்துவிட்டு, ஷவரைச் சுவர் பக்கம் திருப்பி 20 நிமிஷம்.

ஹெல்த் ஃபாசெட்டையும் (கழிப்பறைக் கை ஷவர்) விடாதீங்க. அதுக்கு முன்னாடி இருக்கற ஆங்கிள் காக்கை யாரும் மூடறதில்லை. வினாடிக்கு ஒரு சொட்டுன்னா நாளுக்கு நாலு லிட்டருக்கு மேல.

சிவில்_தளம் · 4 நவம்பர் 2024

சொட்டு நீலத்தில் ஒரு திருத்தம். சங்கன் ஸ்லாப் (ஸ்லாபையே தாழ்த்திப் போட்ட) பாத்ரூமில் தரைக்கும் ஸ்லாபுக்கும் நடுவே ஓரடி, ஒன்றரையடி உடைந்த செங்கல் நிரப்பி இருப்பார்கள். தண்ணீர் அதற்குள் இறங்கி, ஏற்கெனவே தேங்கி நிற்கும் தண்ணீரோடு கலந்துதான் கீழே வரும். நிறம் நீர்த்துப் போகும், செங்கலும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். நீலம் வந்தால் தரையோ லைனோ கசிகிறது என்பது உறுதி. வராவிட்டால் "எங்கள் தரை சரி" என்று மேல் வீட்டார் சொல்ல அது ஆதாரம் ஆகாது.

டைல்ஸ் நன்றாக இருக்கிறது என்பதும் அப்படித்தான். டைல் வழியாகத் தண்ணீர் இறங்குவதில்லை. டைல்களுக்கு நடுவே உள்ள கோடு, சுவரும் தரையும் சேரும் மூலை, ட்ராப்பைச் சுற்றிய வளையம், இந்த மூன்று இடத்தில்தான் இறங்கும்.

ஏசி மெக்கானிக் திருச்சி · 9 நவம்பர் 2024

பாத்ரூமை உடைக்கறதுக்கு முன்னாடி மேல் வீட்டு ஸ்ப்ளிட் ஏசி டிரெயின் பைப் எங்கே போகுதுன்னு பாருங்க. ஈரமான ஊர்ல ஒண்ணரை டன் ஏசி மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலகூட தண்ணி விடும். சுவருக்குள்ள புதைச்ச டிரெயின்ல வாட்டம் இல்லேன்னாலோ, பாசி அடைச்சாலோ, அவ்வளவும் சுவர்லதான் இறங்கும். மே மாசம் கறை கூடி டிசம்பர்ல காஞ்சா இதைத்தான் சந்தேகப்படணும். உள் யூனிட் தட்டுல ஒரு லிட்டர் தண்ணி ஊத்தி மறுமுனையில முழுசா வருதான்னு பாருங்க, அஞ்சு நிமிஷ வேலை.

கீழ்வீட்டு வாசி · 4 டிசம்பர் 2024

எல்லா டெஸ்ட்டும் மேல் வீட்டு அக்கா ஒத்துழைப்போட முடிஞ்சுது. ஏசி அந்தப் பக்கம் இல்லை. பிரஷர் டெஸ்ட்ல முள் அசையலை. ட்ராப்ல நேரா ஊத்தினப்ப ஒண்ணும் இல்லை. தரையில தண்ணி கட்டினதும் மறுநாள் கறை பென்சில் கோட்டைத் தாண்டிடுச்சு, ஃபேன் மூடியில சொட்டு வேகமாச்சு. நீலம் வரலை. ஃபெஞ்சல் புயல் மழைக்குக் கறையில எந்த மாற்றமும் இல்லை.

டைல் இடுக்குல எபாக்ஸி கிரவுட் போட்டு அடைச்சா போதுமா, தரையை உடைக்கணுமா?

சிவில்_தளம் · 4 டிசம்பர் 2024

தரை கசிகிறது என்பதில் சந்தேகம் இல்லை. எபாக்ஸி கிரவுட் போதுமா என்பது டைல் தட்டிப் பார்த்தால் தெரியும். ஒரு நாணயத்தால் ஒவ்வொரு டைலையும் தட்டுங்கள். பெரும்பாலும் கணீரென்று கேட்டு, ஓரிரண்டு மட்டும் பொள்ளலாக ஒலித்தால் கிரவுட் செய்து பார்க்கலாம். பழைய கிரவுட்டை டைல் கனத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆழத்துக்குச் சுரண்டி எடுத்து, இரண்டு மூன்று நாள் காயவிட்டு, பிறகு எபாக்ஸி. மேலோட்டமாகப் பூசினால் சில மாதத்தில் உரிந்துவிடும். சுவர் மூலையில் எபாக்ஸி கூடாது, அந்த இடம் அசையும். அங்கே பூஞ்சை எதிர்ப்பு சிலிகான்.

ஆனால் 16 வருடக் கட்டிடம், ஃபேன் பைப் வரை தண்ணீர் வந்திருக்கிறது. சங்கனுக்குள் தண்ணீர் தேங்கி நிற்கிறது என்றே எடுத்துக்கொள்ளலாம். மேலே கிரவுட் போட்டு மூடினாலும் உள்ளே இருக்கும் தண்ணீர் மாதக்கணக்கில் கீழே வந்துகொண்டே இருக்கும். நீங்களும் வேலை சரியில்லை என்று நினைப்பீர்கள். உடைப்பதுதான் நல்லது.

மதுரை மேஸ்திரி · 5 டிசம்பர் 2024

உடைக்கறதுன்னு ஆயிட்டா பாதியில நிறுத்தாதீங்க. ட்ராப்பைச் சுத்தி மட்டும் உடைச்சு ஒட்டுப் போடறது வேணாம். புதுக் கலவையும் பழைய கலவையும் சேர்ற இடம் அடுத்த ஓட்டையாயிடும்.

அஞ்சுக்கு எட்டடி பாத்ரூம்னு வச்சுக்கிட்டுச் சொல்றேன்.

டைல்ஸ், செங்கல் ஜல்லி மொத்தமும் எடுத்து ஸ்லாப் வரை போங்க. பெரிய பிரேக்கர் மெஷின் ஆகாது, ஸ்லாப்ல அதிர்வு ஏறும். சின்ன சிப்பிங் மெஷின், அதுவும் ஸ்லாப் நெருங்கும்போது உளியும் சுத்தியலும்தான். ரெண்டு நாள் காயவிடுங்க.

பைப் ஸ்லாபைத் தாண்டிப் போற இடம்தான் உயிர். முன்னாடி கட்டினவங்க ஓட்டையில செங்கல் துண்டும் கலவையும் திணிச்சிருப்பாங்க. அதைச் சுத்தமா நோண்டி எடுக்கணும். பி.வி.சி. பைப் மேல சிமென்ட் ஒட்டாது, வழவழன்னு இருக்கும். உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கி, சால்வென்ட் சிமென்ட் தடவி, ஈரம் காயறதுக்குள்ள அது மேல காஞ்ச மணல் தூவுங்க. மணல் ஒட்டிக்கும், கலவை அந்த மணலைப் பிடிச்சுக்கும். அப்புறம் சுருங்காத கிரவுட் ஊத்தணும்.

மூலை முழுக்க ரெண்டு இன்ச்சுக்கு ரெண்டு இன்ச் சரிவா கோவிங். ஒரு பங்கு சிமென்ட், மூணு பங்கு மணல் கலவை.

அது மேல ரெண்டு பாகம் வர்ற சிமென்ட் பாலிமர் கோட்டிங். தரை ஈரமா இருக்கணும், தண்ணி நிக்கக் கூடாது. முதல் கோட் ஒரு திசை, நாலுலேருந்து ஆறு மணி நேரம் கழிச்சு ரெண்டாவது கோட் குறுக்குத் திசை. மூலையிலயும் பைப்பைச் சுத்தியும் முதல் கோட் ஈரத்துலயே கண்ணாடி இழை வலை. மூணு நாள் விட்டு, இந்த மழை சீசன்னா ஏழு நாள் விட்டு, தண்ணி கட்டி 48 மணி நேரம். இந்த டெஸ்ட்டை நிரப்பறதுக்கு முன்னாடி பண்ணுங்க. நிரப்பின பிறகு கசிஞ்சா மறுபடி உடைக்கறதைத் தவிர வழி இல்லை.

நிரப்பி, மேல கான்கிரீட் பாவி, ட்ராப் பக்கம் மீட்டருக்கு 12லேருந்து 15 மி.மீ. வாட்டம் வச்சு, திரும்பவும் அதே கோட்டிங். இந்தத் தடவை சுவர்ல ஓரடி, குளிக்கற மூலையில ஆறடி வரை. அப்புறம்தான் டைல்ஸ்.

ரெண்டு தளக் கோட்டிங்கும் சேர்த்து சுமார் 170 சதுர அடி வரும். சதுர மீட்டருக்கு ஒண்ணரை கிலோன்னு வச்சா 24, 25 கிலோ. இதை 10 கிலோவுல முடிச்சுத் தர்றேன்னு யாராவது சொன்னா ஒரே கோட்தான் அடிக்கப் போறாங்க.

சிமென்ட் கலவைக்கு ஒரு மூட்டைக்கு 200 மில்லி வாட்டர் ப்ரூஃப் திரவம் சேர்க்கறது வழக்கம். சேர்க்கலாம், ஆனா அது மட்டும் கோட்டிங்குக்கு ஈடாகாது.

குழாய்_வேலை · 5 டிசம்பர் 2024

மேஸ்திரி அண்ணே சொன்னதுல ஒண்ணு சேர்க்கணும். சங்கன் அடித்தளத்துலேருந்து டக்ட்டுக்கு ஒரு தனி ஒண்ணரை இன்ச் பைப் போடச் சொல்லுங்க. பத்து வருஷம் கழிச்சு மேல் கோட்டிங் விட்டுப்போனாலும் தண்ணி உள்ளே தேங்காம டக்ட்ல சொட்டும். டக்ட்ல அந்தப் பைப் வாய் ஈரமாச்சுன்னா உடனே தெரிஞ்சிடும். கீழ் வீட்டு சீலிங் நனையற வரை காத்திருக்க வேண்டியதில்லை. சிலபேர் இதைக் கழிவு லைன்லயே சேர்த்துடறாங்க, அப்படிச் செய்யாதீங்க. அடைப்பு வந்தா அழுக்குத் தண்ணி திரும்பி சங்கனுக்குள்ள ஏறும்.

மதுரை மேஸ்திரி · 5 டிசம்பர் 2024

சரியாச் சொன்னீங்க தம்பி. அந்தப் பைப் வாய்க்கு ஒரு வலையும் போட்டுடுங்க, கரப்பான் ஏறாது.

கீழ்வீட்டு வாசி · 7 டிசம்பர் 2024

மேல் வீட்ல உடைக்கச் சம்மதிச்சாங்க, ஆனா பொங்கலுக்கு அப்புறம்தான். அதுவரை ஊசி போட்டு நிறுத்தலாமா? செலவை யார் ஏத்துக்கறது?

சிவில்_தளம் · 7 டிசம்பர் 2024

ஊசி என்பது கீழிருந்து துளை போட்டு பி.யூ. (பாலியூரித்தேன்) ரசாயனத்தை ஏற்றுவது. தண்ணீர் பட்டதும் நுரைத்து விரிசலை அடைக்கும். அடித்தளச் சுவர், தண்ணீர்த் தொட்டி விரிசல் போன்ற இடங்களில் நல்ல முறை. உங்கள் விஷயத்தில் மேலே தண்ணீர் தேங்கி நிற்கிறது. இந்த வழியை அடைத்தால் அது இன்னொரு வழி பார்க்கும், பெரும்பாலும் மறுபடி வயர் பைப்தான். வேண்டாம்.

அதற்குப் பதில் மேல் வீட்டில் அந்த பாத்ரூமில் குளிப்பதை நிறுத்தி, இன்னொன்றைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். தேங்கியது வடிய ஆரம்பிக்கும். ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால்: போர்டு தொப்பை போட்டுத் தொங்கினால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, அடியில் பக்கெட் வைத்து, தொப்பையின் நடுவில் ஸ்க்ரூ டிரைவரால் ஒரு துளை போடுங்கள். தண்ணீர் கனத்தில் முழுப் பலகையும் விழுவதை அது தடுக்கும்.

சங்கச் செயலாளர் · 8 டிசம்பர் 2024

செலவு பற்றி. மேல் வீட்டு பாத்ரூமின் உட்புறத் தரை, ட்ராப், அவர்கள் வீட்டுக்கு மட்டும் போகும் லைன் இவற்றால் வரும் கசிவை மேல் வீட்டு உரிமையாளர் சரி செய்வதுதான் நடைமுறை. டக்ட்டில் இறங்கும் பொதுக் குழாய், வெளிச்சுவர், மொட்டை மாடி சங்கத்தின் பொறுப்பு. உங்கள் சங்க விதிகளில் இதை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள்.

புதுக் கட்டிடத்தில் இருப்பவர்கள் கவனிக்க: 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14(3) பிரிவுப்படி, சாவி கொடுத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறைபாடோ வேலைத்தரக் குறைபாடோ தெரியவந்து எழுதிக் கொடுத்தால், 30 நாளுக்குள் கட்டணம் இல்லாமல் கட்டியவர் சரி செய்து தர வேண்டும். வாட்ஸ்அப்பில் சொல்லி விட்டுவிடாதீர்கள். தேதி போட்ட கடிதம், பென்சில் கோடு தெரியும் புகைப்படம், டெஸ்ட் செய்த நாள், இவை கையில் இருக்கட்டும். 16 வருடக் கட்டிடத்துக்கு இது பொருந்தாது.

காரைக்குடி வாசகர் · 21 டிசம்பர் 2024

எங்க பக்கம் பழைய வீடுகள்ல மெட்ராஸ் டெரஸ். மழை நின்னு மூணு நாள் ஆனாலும் சீலிங்ல ஈரம் போகலை. மேல சிமென்ட் பூசிடலாமா?

மதுரை மேஸ்திரி · 22 டிசம்பர் 2024

ஐயா, சிமென்ட் பூசிடாதீங்க. தேக்குச் சட்டத்து மேல சின்னச் செங்கல்லை நெட்டுக்குத்தா, குறுக்கு வாட்டத்துல சுண்ணாம்புல நிறுத்தி, மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு மரக்கட்டையால அடிச்சு இறுக்கி, தட்டோடு பாவின தளம் அது. சுண்ணாம்பு ஈரத்தை வாங்கும், வெயில்ல விட்டுடும். மேல சிமென்ட் மூடினா ஈரம் கீழ்நோக்கித்தான் வரும், சட்டத்தோட முனை சுவருக்குள்ள இருக்கற இடத்துல உளுத்துப் போகும்.

மெல்லிசா ஒரு ஸ்க்ரூ டிரைவரால சட்டத்து முனையைக் குத்திப் பாருங்க. புசுக்குன்னு இறங்குச்சுன்னா ஓடு வேலைக்கு முன்னாடி மர வேலைதான். மரம் உறுதியா இருந்தா, உடைஞ்ச தட்டோட்டை மட்டும் எடுத்து, கடுக்காய், வெல்லத் தண்ணி விட்ட சுண்ணாம்புக் கலவையில மறுபடி பதிங்க. கைப்பிடிச் சுவர்ல அரசங்கன்னு முளைச்சிருந்தா வேரோட எடுங்க, மேல வெட்டிவிட்டா மறுபடி துளிர்க்கும்.

மாடி வேலை எந்த வகையா இருந்தாலும் பிப்ரவரியிலேருந்து மே வரைதான். ஐப்பசியில ஆரம்பிச்ச மாடி வேலை விளங்காது.

சிவில்_தளம் · 22 டிசம்பர் 2024

கான்கிரீட் மாடி உள்ளவர்களுக்கும் ஒன்று. தட்டோடு முழுவதையும் சந்தேகப்படும் முன் இரண்டு இடம் பாருங்கள்: மழைநீர்க் குழாய் வாய், கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலை. குழாய் வாயைச் சுற்றி மட்டம் உயர்ந்திருந்தால் தண்ணீர் அங்கேயே குளம் கட்டும். வெள்ளை அக்ரிலிக் பூச்சு வெயிலைத் தாங்கும், நாட்கணக்கில் தேங்கும் தண்ணீரைத் தாங்காது. வாட்டம் சரி செய்யாமல் அதை அடிப்பது பணத்தைக் கரைப்பது.

கீழ்வீட்டு வாசி · 16 பிப்ரவரி 2025

மேல் வீட்டு வேலை முடிஞ்சுது. 48 மணி நேரம் தண்ணி கட்டினதுல கீழே ஒண்ணும் இல்லை. இப்ப என் சீலிங். பட்டி சுரண்டினா கான்கிரீட் நீளவாக்குல வெடிச்சிருக்கு, ஒரு இடத்துல கம்பி தெரியுது.

சிவில்_தளம் · 17 பிப்ரவரி 2025

நீளவாக்கு விரிசல் என்றால் கம்பி ஓடும் கோட்டிலேயே வெடித்திருக்கிறது. துரு, இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். அந்த நெருக்கலில்தான் கான்கிரீட் பிளக்கிறது. கடலோரத்தில் உப்புப் போர் தண்ணீர் பயன்படுத்தினால் கசிவே குளோரைடைச் சுமந்துவந்து வேகப்படுத்தும்.

சின்னச் சுத்தியலால் கறையைத் தாண்டி மூன்றடி வரை தட்டுங்கள். பொள்ளலாகக் கேட்கும் இடத்தையெல்லாம் சாக்பீஸால் வரைந்துகொள்ளுங்கள். கொத்தும் முன் ஸ்லாபுக்கு முட்டு கொடுங்கள்.

தளர்ந்ததை முழுதும் எடுத்து, கம்பிக்குப் பின்னாலும் விரல் நுழையும் அளவு, 20 முதல் 25 மி.மீ., தோண்ட வேண்டும். இதைத்தான் பலர் செய்வதில்லை. கம்பியின் அடிப்பக்கத்தை மட்டும் தேய்த்துப் பூசினால் மேல்பக்கத் துரு மீண்டும் தள்ளிவிடும். உடைத்த முகத்தில் பினாப்தலீன் கரைசல் தெளித்துப் பாருங்கள். இளஞ்சிவப்பானால் கான்கிரீட்டின் காரத்தன்மை இருக்கிறது. நிறம் மாறாத பகுதி கம்பியைக் காக்காது, அதையும் எடுக்க வேண்டும்.

கம்பியைக் கம்பித் தூரிகையால் பளபளப்பு வரும்வரை தேய்த்து, கேலிப்பரில் அளந்து பாருங்கள். 8 மி.மீ. கம்பி 7க்குக் கீழே தேய்ந்திருந்தால் கட்டமைப்புப் பொறியாளர் பார்க்காமல் மூடாதீர்கள். பக்கத்தில் கூடுதல் கம்பி சேர்க்க வேண்டி வரும். தேயாமல் இருந்தால் துத்தநாக பிரைமர், அது காய்ந்ததும் லேடெக்ஸ்-சிமென்ட் பாண்ட் கோட் (புதுக் கலவை ஒட்டுவதற்கான பூச்சு), அது ஒட்டும் பதத்தில் இருக்கும்போதே கலவை. அளவு எடையில் எஸ்.பி.ஆர். லேடெக்ஸ் (செயற்கை ரப்பர் பால்) 1, சிமென்ட் 5, குவார்ட்ஸ் மணல் 15. தலைக்கு மேல் வேலை என்பதால் ஒரு தடவைக்கு 10 முதல் 15 மி.மீ. மட்டும். ஒரே தடவையில் இரண்டு இன்ச் அப்பினால் சொந்த எடையில் கழன்றுவிடும்.

ஃபேன் ஹூக் செதில் செதிலாக உரிந்தால் அதில் மறுபடி ஃபேன் மாட்டக் கூடாது. ஒட்டுப் போட்ட இடத்திலிருந்து ஓரடியாவது தள்ளி, நல்ல கான்கிரீட்டில் புது ஹூக். வயர் பைப் காய்ந்தபின் எலக்ட்ரீஷியனிடம் இன்சுலேஷன் டெஸ்ட் எடுத்த பிறகே எம்.சி.பி. ஏற்றலாம்.

கீழ்வீட்டு வாசி · 9 மார்ச் 2025

கம்பி 7.6 இருந்தது. சொன்னபடி முடிச்சாச்சு, புது ஹூக்கும் போட்டாச்சு. பெயிண்டர் நாளைக்கே பட்டி பார்க்க வர்றேன்ங்கறார்.

சிவில்_தளம் · 9 மார்ச் 2025

வேண்டாம். நனைந்த கான்கிரீட் ஓர் இன்ச் காய ஏறக்குறைய ஒரு மாதம் எடுக்கும். ஒன்றரை அடி சதுர பாலிதீனைச் சீலிங்கில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, 16 மணி நேரத்துக்குக் குறையாமல் விடுங்கள். உள்பக்கம் வியர்த்தாலோ, அந்த இடம் கருத்தாலோ இன்னும் காயவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை செய்யுங்கள். காய்ந்ததும் உப்பைக் காய்ந்த தூரிகையால் தட்டி எடுங்கள், தண்ணீர் விட்டுக் கழுவினால் மறுபடி உள்ளே போகும். பிறகு காரம் தாங்கும் பிரைமர், சிமென்ட் பட்டி, தண்ணீரில் கலக்கும் சாதாரண எமல்ஷன். ஆயில் பெயிண்ட் அந்த இடத்தில் கூடாது.

கீழ்வீட்டு வாசி · 27 ஏப்ரல் 2025

நேத்து பாலிதீன் வியர்க்கலை. பெயிண்டரை வரச் சொல்லிட்டேன்.